உர் நகரத்து இடுகாட்டில் கிடைத்த தங்க ஆயுதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெசபடோமியாவில் தங்க ஆயுதங்கள் கிடைத்தன என்கிறார்களே, எந்த இடத்தில்?

இந்தப் பேச்சு எழுந்தாலே அது பெரும்பாலும் ஒரே இடத்தைக் குறிக்கும். தெற்கு ஈராக்கில் நசிரியா நகருக்குப் பக்கத்தில் இருக்கும் தெல் எல்-முகய்யர் என்ற மேடுதான் அது. சுமேரியர்களின் உர் நகரம் அங்கேதான் இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகமும் சேர்ந்து 1922 முதல் 1934 வரை அங்கே அகழாய்வு நடத்தின. தலைமை தாங்கியவர் லெனார்ட் வூலி. அவர் தோண்டிய இடுகாட்டில் ஏறக்குறைய 1,800 கல்லறைகள் இருந்தன. அவற்றில் 16 கல்லறைகளை மட்டும் அவர் "அரச கல்லறைகள்" என்று பிரித்து வைத்தார். காலம் சுமார் கி.மு. 2600 முதல் 2450 வரை. அதாவது எகிப்தில் கிசா பிரமிடுகள் எழும்பிய காலத்தை ஒட்டியது.

என்னென்ன ஆயுதங்கள் கிடைத்தன?

தங்க அலகு கொண்ட குத்துவாள்கள், தங்கத்திலும் எலக்ட்ரத்திலும் செய்த ஈட்டி முனைகள், எலக்ட்ரக் கோடரிகள், தங்கத் தலைக்கவசம் ஒன்று. எலக்ட்ரம் என்பது தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம். இவற்றோடு தங்கத்தில் செய்த உளிகளும் ஒரு ரம்பமும்கூடக் கிடைத்தன. அவை ஆயுதக் கணக்கில் வராது, ஆனால் பின்னால் வரும் ஒரு கேள்விக்கு அவை தேவைப்படும்.

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு இடுகாடு முழுக்கத் தங்க வாள்கள் குவிந்து கிடந்ததாக நினைத்துவிடக் கூடாது. அங்கே கிடைத்த கோடரிகளிலும் குத்துவாள்களிலும் ஈட்டிகளிலும் மிகப் பெரும்பாலானவை செம்பு அல்லது வெண்கலம். தங்க ஆயுதம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கல்லறைகளில்தான் இருந்தது.

புகைப்படங்களில் அடிக்கடி வரும் அந்த நீலப் பிடிக் குத்துவாள் யாருடையது?

பெயர் கிடையாது. 1926–27 அகழாய்வுப் பருவத்தில் 580 என்று எண்ணிட்ட குழியில் அது கிடைத்தது. அந்தக் குழியில் உரியவரின் அறையும் அகப்படவில்லை, உடலும் அகப்படவில்லை. இணையத்தில் "மெஸ்கலம்துக் மன்னனின் வாள்" என்று தலைப்புப் போட்டு இந்தப் படத்தைப் பகிர்கிறார்கள். அது தவறு. மெஸ்கலம்துக்கின் குத்துவாள் வேறு, அது வேறு கல்லறையில் கிடைத்தது.

அலகு தங்கம். பிடி லாபிஸ் லசுலி என்ற நீலக்கல்லின் ஒரே துண்டு, அதன்மேல் சிறு தங்கக் குமிழ்கள். உறைதான் உண்மையான அதிசயம். கோரையை முடைந்து செய்த உறை எப்படி இருக்குமோ அப்படியே, தங்கத்தில், இடைவெளி விட்ட பின்னல் வேலைப்பாட்டோடு செய்திருக்கிறார்கள். அன்றாடம் இடுப்பில் செருகும் குத்துவாளுக்குக் கோரை உறை இருந்திருக்க வேண்டும் என்பதை இந்தத் தங்க உறையைப் பார்த்துத்தான் ஊகிக்கிறோம். கோரை மண்ணில் மக்கிவிடும், தங்கம் மக்காது.

இது வெளியே வந்தபோது, பெயர்பெற்ற நிபுணர் ஒருவர் இதை கி.பி. 13-ஆம் நூற்றாண்டு அரபு வேலைப்பாடு என்று சொல்லியிருக்கிறார். வூலியே இதை எழுதி வைத்திருக்கிறார். அந்த நிபுணரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் இப்படியொரு வேலை இருக்கக்கூடும் என்பதற்கு அதுவரை எந்தச் சான்றும் இல்லை. கிட்டத்தட்ட 3,700 ஆண்டு தள்ளிப்போன மதிப்பீடு!

அப்படியானால் மெஸ்கலம்துக் யார்? ராஜாவா, இல்லையா?

இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

755 எண் கல்லறை ஒரு சாதாரணக் குழி. கல்லாலோ செங்கல்லாலோ கட்டிய அறை இல்லை, உடன் இறந்த பணியாட்கள் இல்லை. ஒரு மரச் சவப்பெட்டி, அதைச் சுற்றி ஈட்டிகளும் பாத்திரங்களும். உள்ளே ஒருவர் தூங்குவதுபோல் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். எலும்புகள் பழுப்புப் பொடியாகிவிட்டன. மண்டையோடு இருந்த இடத்தில் தங்கத் தலைக்கவசம். இடுப்பில் அகலமான வெள்ளிப் பட்டை, அதில் தொங்கிய தங்கக் குத்துவாள், கூடவே தங்க வளையத்தில் மாட்டிய ஒரு சாணைக்கல். அந்தச் சாணைக்கல்லும் லாபிஸ் லசுலி! வலது தோளருகே இரட்டை முனைக் கோடரி, இடது தோளருகே வழக்கமான வடிவக் கோடரி, இரண்டும் எலக்ட்ரம். கைகளுக்கு இடையில் ஒரு தங்கக் கிண்ணம். பக்கத்தில் சிப்பி வடிவத் தங்க விளக்கு. கிண்ணங்களிலும் விளக்கிலும் "மெஸ்கலம்துக்" என்று பொறித்திருந்தது.

பெயர் மட்டும்தான் இருந்தது, "லுகல்" (மன்னன்) என்ற பட்டம் இல்லை. வூலி எதை "அரச கல்லறை" என்று எடுத்துக்கொண்டார் என்றால், கட்டிய அறையும் உடன் இறந்தவர்களும் இருக்க வேண்டும். 755-இல் இரண்டும் இல்லாததால் அதை அவர் அந்த 16-இல் சேர்க்கவே இல்லை. உள்ளே இருந்தவர் ஒரு இளவரசராக இருக்கலாம் என்பது அவர் கருத்து. இடுகாட்டிலேயே ஆயுதங்களால் மிகச் செழிப்பான கல்லறை, தோண்டியவரின் கணக்கில் அரச கல்லறை அல்ல. "அரச கல்லறைத் தங்க ஆயுதங்கள்" என்று எழுதுகிற பலருக்கு இது தெரியாது.

சிக்கல் இத்தோடு முடியவில்லை. 1054 எண் கல்லறையின் குழியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் தங்க அலகும் தங்கக் குமிழ் பதித்த பிடியும் கொண்ட இரண்டு குத்துவாள்கள், கூடவே ஒரு உருளை முத்திரை (ஈரக் களிமண்ணில் உருட்டிப் பதிப்பது). முத்திரையில் "மெஸ்கலம்துக், மன்னன்" என்று எழுத்து. பிறகு சிரியாவின் மாரி நகரில் கிடைத்த ஒரு லாபிஸ் மணியில் உர் மன்னன் மெஸன்னெபடா தன்னை மெஸ்கலம்துக்கின் மகன் என்று குறித்திருக்கிறான். ஆக, அந்தப் பெயரில் ஒரு மன்னன் இருந்தது உறுதி. 755-இல் கிடந்தவரும் அவரும் ஒருவரா, ஒரே குடும்பத்தில் பெயர் ஒத்த இருவரா என்பதில் அறிஞர்கள் இன்னும் பிரிந்து நிற்கிறார்கள். எனக்கு இரண்டு ஆட்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது. தன் முத்திரையில் பட்டத்தைப் பொறித்த மனிதர் தன் தங்கக் கிண்ணங்களில் அதை விட்டிருப்பாரா?

தங்கத் தலைக்கவசத்தைப் போரில் அணிந்திருப்பாரா?

அணியக்கூடிய பொருள்தான், அதில் சந்தேகம் இல்லை. விளிம்பு நெடுகச் சிறு துளைகள் உண்டு. உள்ளே மெத்தென்ற துணியை வைத்துக் கட்டுவதற்கானவை அவை, துணியின் எச்சமும் கிடைத்தது. காது இருக்கும் இடத்தில் முழுக் காதையே உருவாக்கி, கேட்பதற்காகத் துளையும் விட்டிருக்கிறார்கள். முழுக் கவசமும் ஒரே தகடு. உள்ளிருந்து அடித்துக் குவித்து எழுப்பி, வெளியே சிற்றுளியால் முடியின் ஒவ்வொரு இழையையும் வரைந்திருக்கிறார்கள். தலையைச் சுற்றி ஒரு பட்டை, பின்னால் கொண்டை.

அந்தக் கொண்டை அழகுக்காக மட்டும் வைத்ததில்லை. கழுகுக் கல் என்று அழைக்கப்படும், இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகல்லில், லகாஷ் என்ற சுமேரிய நகரின் மன்னன் எயன்னாட்டும் படைக்கு முன்னால் நடக்கிறான். அவன் தலையிலும் இதே கொண்டை. நினிவேயில் கிடைத்த அக்காத் பேரரசுக் காலத்துச் செம்புத் தலைச் சிற்பத்திலும் இதே அலங்காரம். போர்த்தலைவன் என்றால் இப்படித்தான் தெரிய வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்திருக்கிறது.

அதே இடுகாட்டின் 789 எண் கல்லறையில், நுழைவாயில் சரிவில் ஆறு வீரர்கள் கிடந்தார்கள். அவர்கள் தலையில் இருந்தது செம்புக் கவசம். மண்ணின் பாரத்தில் மண்டையோடும் கவசமும் ஒன்றாக நசுங்கிய ஒன்றை லண்டனில் பார்க்கலாம். அடி தாங்குவதற்கு அது. பொன் கவசம் தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு.

சரி, தங்க வாளால் சண்டை போட முடியுமா?

முடியாது. தங்கம் மென்மையானது, கூர் நிற்காது. செம்பும் வெள்ளியும் கலந்தால் கொஞ்சம் கெட்டிப்படும், ஆனாலும் அடித்து இறுக்கிய வெண்கலத்துக்கு ஈடாகாது. எடையும் பிரச்சினை. தங்கத்தின் அடர்த்தி செம்பைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதே அளவுக் கோடரியைப் பொன்னில் வார்த்தால் கை சலித்துவிடும், முதல் அடியிலேயே முனை மடங்கும்.

ஆனால் "வெறும் பொம்மை" என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. அளவு, குழல் போட்டுக் காம்பு மாட்டும் முறை, அலகின் நடு முதுகு எல்லாமே புழக்கத்தில் இருந்த ஆயுதங்களின் அச்சு. அந்த லாபிஸ் சாணைக்கல்லை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். பொன் அலகைத் தீட்ட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் வீரன் இடுப்பில் குத்துவாளோடு சாணைக்கல்லும் இருக்கும், அதனால் இங்கேயும் இருக்க வேண்டும். ஒரு வீரனின் முழு உடைமையையும் ஒன்று விடாமல் விலையுயர்ந்த பொருளில் மறுபடி செய்திருக்கிறார்கள். நான் இந்த ஆயுதங்களைப் புரிந்துகொள்வது அந்தச் சாணைக்கல் வழியாகத்தான்.

உயிரோடு இருந்தபோது பயன்படுத்தினார்களா, சாவுக்காகவே செய்தார்களா?

விழாக்களில் அணிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தலைக்கவசத்தின் உள்துணி அதைத்தான் காட்டுகிறது. பிணத்துக்கு மட்டும் என்றால் அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

தங்கம் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்தா?

தெற்கு மெசபடோமியாவில் தங்கமும் இல்லை, செம்பும் இல்லை, நல்ல கல்லும் இல்லை. வண்டல் மண்ணும் நாணலும்தான். எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. குத்துவாள் பிடியின் லாபிஸ் லசுலி இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்தது. செம்பின் பெரும்பகுதி, "மகன்" (Magan) என்று சுமேரியர்கள் அழைத்த ஓமான் பக்கமிருந்து வந்தது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவை சூதுபவள மணிகள், அதுவும் வெள்ளைக் கோலம் பொறித்த சிந்துவெளி மணிகள். அவை உர் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன.

தங்கத்துக்குள் நுண்ணோக்கியில் பார்த்தால் ஆஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகங்களின் சிறு துகள்கள் தெரிகின்றன. இவை ஆற்று மணலிலிருந்து அரித்தெடுத்த தங்கத்தில் காணப்படுபவை. அந்த ஆறு ஆப்கானிஸ்தான் பக்கம் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கோலார் தங்கம் அங்கே போனது என்று சுற்றிவரும் செய்திகளுக்கு உர் கல்லறைகளில் ஆதாரம் எதுவும் இல்லை.

எல்லாம் சுத்தத் தங்கமா?

இல்லை. வெள்ளியும் செம்பும் கலந்தவைதான் அதிகம். இதில் ஒரு நுட்பம் உண்டு. செம்பு கலந்த பொன்னைச் சூடாக்கினால் மேற்பரப்பில் உள்ள செம்பு ஆக்சைடாக மாறும். அந்தக் கருப்பை நீக்கி, மறுபடி சூடாக்கி, மறுபடி நீக்கினால், மேலே தங்கம் மட்டும் மிஞ்சும். வெளியே பளபளக்கும் மஞ்சள், உள்ளே மட்டமான கலவை. உர் நகரத்துப் பொற்கொல்லர்கள் இந்த வித்தையைச் செய்திருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பொன்னை மிச்சம் பிடிக்க ஒரு வழி, பொருளைக் கெட்டிப்படுத்தவும் ஒரு வழி. யாரையும் ஏமாற்றினார்களா என்றெல்லாம் நாம் பஞ்சாயத்து வைக்க வேண்டாம்.

அரசிகளின் கல்லறையிலும் ஆயுதம் இருந்ததா?

பூஅபி என்ற அரசியின் கல்லறை (எண் 800) கொள்ளை போகாமல் கிடைத்தது. 1928 ஜனவரியில் வூலி இதைத் தந்தியில் அறிவித்தார். வழியில் யாரும் படித்து ரகசியம் கசியக் கூடாது என்று லத்தீனில் எழுதினார்! பூஅபியின் உடலில் ஆயுதம் எதுவும் இல்லை. தங்க இலைகளும் மலர்களும் கொண்ட தலை அலங்காரம், மணிகளால் ஆன மேலாடை, முத்திரைகள். குழியின் வாயிலில் காவலர்களிடம் செம்புக் குத்துவாள்கள். முன்பு சொன்ன தங்க உளிகளும் ரம்பமும் இந்தக் கல்லறையைச் சேர்ந்தவைதான். தச்சுக் கருவியைக்கூடப் பொன்னில் செய்து அரசியோடு வைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே பொன் ஆயுதங்களை மட்டும் போரோடு இணைத்துப் பார்ப்பது போதாது.

1054-இலும் முதன்மையாக அடக்கம் செய்யப்பட்டவர் ஒரு பெண். குத்துவாள் பெட்டி அந்தக் குழியில்தான் இருந்தது. ஆனால் அவர் உடலோடு இல்லை, மேலே தனியாக. யாரோ கொடுத்த காணிக்கையாக இருக்கலாம்.

ஏன் இவ்வளவு தங்கத்தைப் புதைத்தார்கள்?

உர் கல்லறைகளோடு விளக்கம் எழுதிய ஏடு எதுவும் வரவில்லை. ஆனால் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு அதே நகரை ஆண்ட உர்-நம்மு மன்னனின் சாவைப் பாடும் சுமேரியப் பாடல் ஒன்று உண்டு. அதில் மன்னன் பாதாளத்துக்குப் போய் அங்கே உள்ள தெய்வங்களுக்கு ஒவ்வொருவராகக் காணிக்கை வைக்கிறான். பாதாளத்தின் தலைவனான நெர்கலுக்கு அவன் கொடுப்பவை கதாயுதம், பெரிய வில், அம்புக்கூடு, குத்துவாள். மற்ற தெய்வங்களில் சிலருக்கு நகையும் ஆடையும். போன இடத்தில் மரியாதையாக வரவேற்கப்பட வேண்டுமென்றால் வெறுங்கையோடு போகக் கூடாது.

இதை அப்படியே முந்தைய கல்லறைகளுக்குப் பொருத்துவதில் கவனம் வேண்டும். மெஸ்கலம்துக்கின் உடலில் இருந்தவை அவர் அணிந்தவை, அவருடைய தகுதியின் அடையாளம். பெட்டிக்குள் தனியாக வைத்த குத்துவாள்களுக்கு வேண்டுமானால் காணிக்கை விளக்கம் பொருந்தும். எந்தப் பொருள் உடலில் இருந்தது, எது பெட்டியில் இருந்தது, எது குழியில் கிடந்தது என்று வூலி குறித்து வைத்ததால்தான் இப்படிப் பிரித்துப் பேசவே முடிகிறது.

உடன் இறந்தவர்களை இந்த ஆயுதங்களால் கொன்றார்களா?

தங்க ஆயுதங்களால் இல்லை. 1237 எண் குழியில் மட்டும் 74 பேர், அதில் 68 பெண்கள். அமைதியாக வரிசையில் கிடந்ததைப் பார்த்து, விஷம் குடித்துத் தாங்களாகவே படுத்துவிட்டார்கள் என்று வூலி நினைத்தார். 2011-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. ஒரு பெண்ணின் மண்டையோட்டையும் ஒரு வீரனின் மண்டையோட்டையும் சி.டி. ஸ்கேன் செய்தபோது, கூர்முனை கொண்ட கோடரி போன்ற ஒன்றால் அடித்த துளைகள் தெரிந்தன. பிறகு உடல்களைச் சூடாக்கி, பாதரசச் சேர்மம் பூசி, கெடாமல் பதப்படுத்தி, உடை உடுத்தி வரிசையில் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் இப்படி இறந்தார்கள் என்பதை இரண்டு மண்டையோடுகளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் விருப்பத்தோடு செத்தார்கள் என்ற இனிமையான படம் இப்போது செல்லாது.

தங்கம் இருப்பது 1922-லேயே தெரிந்தும் வூலி ஏன் நான்கு ஆண்டு காத்திருந்தார்?

முதல் பருவத்திலேயே ஒரு சோதனைக் குழியில் பொன் மணிகள் வந்தன. அவர் அந்தக் குழியை மூடிவிட்டார். வேலையாட்கள் புதியவர்கள், பொன் மணிகள் மாயமாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் இனாம் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்து, அதை உள்ளூர் தட்டார் கடையில் கிடைப்பதைவிட அதிகமாக்கினார், நிலைமை மாறியது. மேற்பார்வைக்கு ஹமூதி என்ற அனுபவசாலி இருந்தார்.

பயிற்சியும் தேவைப்பட்டது. மக்கிப்போன மரத்தின் வெற்றிடத்தில் பாரிஸ் சாந்தை ஊற்றி வடிவத்தை மீட்பது போன்ற வேலையை அவசரத்தில் செய்ய முடியாது. 1926-இல்தான் மறுபடி அந்த இடத்தைத் தொட்டார். அகழாய்வு வரலாற்றில் இதைவிட நல்ல முடிவுகள் குறைவு என்பேன்.

மெசபடோமியாவில் வேறெங்காவது இப்படிக் கிடைத்ததா?

பொன் கிடைத்தது, பொன் ஆயுதம் இப்படிக் கிடைக்கவில்லை. 1988 முதல் 1990 வரை வடக்கு ஈராக்கின் நிம்ருத்தில் அசீரிய அரசிகளின் கல்லறைகளை முஸாஹிம் மஹ்மூத் ஹுசைன் கண்டுபிடித்தார். கிரீடம், காப்பு, கிண்ணம் என்று கிலோக் கணக்கில் தங்கம். உர் நகரிலேயே பின்னால் ஆண்ட ஷுல்கி, அமர்-சின் ஆகியோருக்குக் கட்டிய பெரிய நிலவறைகளைக் கொள்ளையர்கள் பழங்காலத்திலேயே காலி செய்துவிட்டார்கள்.

எகிப்தின் துட்டன்காமுன் உடலிலும் தங்கக் குத்துவாள் உண்டு. அது உர் கல்லறைகளுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது.

2003-இல் பாக்தாத் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டபோது இவை போய்விட்டனவா?

தப்பித்தன. உர் தங்கத்தையும் நிம்ருத் தங்கத்தையும் முன்பே மத்திய வங்கியின் நிலவறைக்கு மாற்றியிருந்தார்கள். போரில் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரை இறைத்துப் பெட்டிகளைத் திறந்தபோது பொருட்கள் பத்திரமாக இருந்தன.

தலைக்கவசமும் நீலப் பிடிக் குத்துவாளும் ஈராக் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். லண்டனில் நீங்கள் பார்க்கும் தங்கக் கவசம் ஒரு நகல். அகழ்ந்த பொருட்களை ஈராக், லண்டன், பிலடெல்பியா என்று பங்கிட்டதால் மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. பூஅபியின் தலை அலங்காரம் பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில்.

"சுமேரியக் குத்துவாள், அசல்" என்று இணைய ஏலத்தில் வருகிறதே, வாங்கலாமா?

வேண்டாம். 1990 ஆகஸ்டுக்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பண்பாட்டுப் பொருட்களின் வணிகத்தை 2003-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1483-ஆம் தீர்மானம் தடை செய்தது. அசல் என்றால் பெரும்பாலும் திருட்டுப் பொருள், திருட்டு இல்லை என்றால் பெரும்பாலும் போலி. அழகுக்கு ஒன்று வேண்டும் என்றால் நகல் என்று சொல்லியே விற்கிற கடையில் வாங்குங்கள்.